திரையில் விழுந்த சிரிப்பு

பூப்யோங் சந்தைக்குப் பின்னால், மணிக்கணக்கில் காசு கொடுத்துக் கணினி ஆட்டம் ஆடும் எங்கள் பிசி பாங்கில் பாங் தே-உக்கைத் தெரியாதவர்கள் இல்லை. பகலில் வீடு வீடாகப் போய் ஏசி பழுது பார்ப்பான். வேலை முடிந்ததும் கணினி முன் உட்கார்ந்து, வேற்றுக்கிரகத்தில் கனிமம் தோண்டி, படை திரட்டி, எதிரியின் தளத்தைத் தகர்ப்பான். அந்த ஆட்டத்தில் உன் முறை, என் முறை என்பது கிடையாது. கண் சிமிட்டினால் போச்சு.

பேட்டைப் போட்டியின் இறுதி ஆட்டத்தில், ஜெயிக்க வேண்டியவன் தோற்றான். நடுவில் அவன் படை காரணமே இல்லாமல் அசையாமல் நின்றது. எதிரியின் மாயக் கப்பல்கள் புகுந்து தளத்தைச் சாம்பலாக்கின. தோற்றவன் 'ஜிஜி' என்று தட்டி, நல்ல ஆட்டம் என ஒப்புக்கொண்டு விலகுவது மரபு. ஆனால் பெரிய திரையில் தே-உக்கின் பெயருக்குப் பக்கத்தில் விழுந்தது 'ஹஹ' என்ற கொரியச் சிரிப்பு.

அணித்தலைவன் சோல் கி-ஜுனின் முகம் கறுத்தது.

"தோத்துட்டுச் சிரிக்கிறியாடா?"

"ஜிஜிதான் அண்ணே தட்டினேன். கீபோர்டு கொரியன்ல இருந்துச்சு. இங்கிலீஷ் 'ஜி'யும் கொரியன் 'ஹ'வும் ஒரே பட்டன்தானே."

"அது எனக்குத் தெரியாதா? ஆட ஆரம்பிச்சப்போ இங்கிலீஷ்ல இருந்துச்சே. நடுவுல மாத்தினது யாரு, வேற்றுக்கிரகத்துக்காரனா?"

தே-உக் தலை குனிந்தான்.

"யாருக்கோ சேதி அடிச்சிருக்கே. நேத்து எதிர் டீம் கேப்டனோட ஒரே மேஜையில நூடுல்ஸ் உறிஞ்சினியே, நான் பார்க்கலன்னு நெனச்சியா?"

"வேற இடம் இல்லண்ணே."

"ஆமா, பூப்யோங்லயே அந்த ஒரு நாற்காலிதான் காலியா இருந்துச்சு. இனிமே டீம்லயும் உனக்கு இடமில்ல. என் தங்கச்சி இருக்கற பக்கம் தலைவச்சுக்கூடப் படுக்காதே."

அந்தத் தங்கை தோ-ஹீ அங்கேதான் நின்றிருந்தாள். தே-உக் அவளுக்காக உயிரையும் விடுவான் என்பது ஊருக்கே தெரியும். அவள் அவனைப் படிக்கட்டுக்கு இழுத்துப் போனாள். அவள் கண்ணில் நீரும் இருந்தது, சந்தேகமும் இருந்தது.

"யாருக்கு அடிச்சே?"

"உனக்கு. ஜெயிச்சிடுவேன்னு நெனச்சு, திரையில எல்லாரும் பார்க்க உன்னைக் கேக்கலாம்னு அடிக்க ஆரம்பிச்சேன். பாதியிலேயே கப்பல் வந்துடுச்சு. அழிச்சுட்டேன்."

"அண்ணன்கிட்ட ஏன் சொல்லல?"

"தோத்த மூஞ்சிய வச்சுக்கிட்டு உன்னை எப்படிக் கேக்கறது?"

"இல்ல, இந்தக் கதைய இப்பத்தான் கட்டினியா?"

அவன் பதறவில்லை. அனுப்பாமல் அழித்த எழுத்துக்கு எந்தக் கணினியும் சாட்சி சொல்லாது.

"என்ன அடிச்சேன்னு சொல்லு."

"'தனியா ராம்யன் நூடுல்ஸ் சாப்பிட்டு அலுத்துப்போச்சு. என்னோட...'"

"அப்புறம்?"

"அதுக்குள்ள கப்பல்."

அவள் அவனையே வெகுநேரம் உற்றுப் பார்த்தாள். ஏமாற்றுகிறவன் இதைவிட நன்றாக அல்லவா சொல்லியிருப்பான்? இறுதிப் போட்டியின் நடுவில் படையை நிறுத்திவிட்டுக் காதல் சொல்ல உட்கார்ந்த மடையன்!

"மீதியச் சொல்லு."

"வாழ வர்றியா?"

அவள் அழுதுகொண்டே தலையாட்டினாள்.

கல்யாணம் நடந்தது. தங்கை நடந்ததைச் சொன்ன பிறகு கி-ஜுனும் வந்து வாழ்த்தினான். ஆனால் அணியில் மட்டும் மறுபடி சேர்த்துக்கொள்ளவில்லை. இன்றும் தே-உக் ஓரமாக உட்கார்ந்து தனியாக ஆடும்போது, மைத்துனன் பின்னால் வந்து நிற்பான். கீபோர்டு எந்த மொழியில் இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் நகர்வான்.