அல்மாஸ் வீட்டில் குடியிருந்தவர்

காலையில் முதல் மணி அடித்ததும் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "மூணாயிடுச்சு, வாங்க" என்று எழுந்துவிடுவார் ரெத்தினம் சார். சுவர்க் கடிகாரத்தில் அப்போது ஒன்பது. ஒரத்தநாட்டுக்குப் பக்கத்தில் எங்கள் உயர்நிலைப் பள்ளியில் பத்து வருஷமாக அவர் கணக்கு எடுக்கிறார், நான் தமிழ். பிள்ளைகள்கூட இப்போது இதற்குச் சிரிப்பதில்லை.

எத்தியோப்பியாவில் விடிந்ததிலிருந்துதான் மணியை எண்ணுவார்களாம். நம் ஏழு மணி அவர்களுக்கு ஒன்று. 1970இல் ஜிம்மா என்ற ஊரில் வேலைக்குப் போனபோது சாருக்கு இது தெரியாது. இரண்டு மணிக்கு வகுப்பு என்றதை நம்பி, மத்தியானம் சாப்பிட்டுப் படுத்து எழுந்து போயிருக்கிறார். காலை எட்டு மணி வகுப்பு அது. பள்ளிக்கூடம் காலியாகக் கிடந்தது. "எங்கப்பாவ அனுப்பியிருந்தா சரியாப் போயிருப்பாரு. விடிய வயல்ல எறங்குனா அவருக்கு அதான ஒண்ணு" என்பார்.

மீரா உசேன் டீக்கடையில் அவருக்கு மட்டும் பாலில்லாத கடுங்காப்பி, சீனிக்குப் பதில் ஒரு சிட்டிகை உப்பு. அதுவும் ஜிம்மாவில் பழகியதுதான். ஒருநாள் நானும் குடித்துப் பார்த்து முகத்தைச் சுளித்தேன். "நாலு நாள் குடிங்க. அஞ்சாம் நாள் சீனி கொமட்டும்" என்றார்.

அவருடைய அப்பா பண்ணையாள். கூலிக்காகக் கீழத்தஞ்சை கொதித்துக்கொண்டிருந்த வருஷங்களில் சார் விடுதியில் தங்கிப் படித்து, கும்பகோணத்துப் பக்கம் ஒரு பள்ளியில் வாத்தியாராகச் சேர்ந்தார். ஆசிரியர் அறையில் எல்லோருக்கும் எவர்சில்வர் தம்ளர். ஜன்னலோரம் ஒரு கண்ணாடி கிளாஸ் மட்டும் தனியாகக் கவிழ்த்திருக்கும். அது யாருக்கு என்று யாரும் சொன்னதில்லை. "வாயத் தொறந்து சொல்லியிருந்தா சண்டையாவது போட்டிருப்பேன் சார்." எத்தியோப்பியாவுக்கு வாத்தியார்கள் வேண்டும் என்று பேப்பரில் விளம்பரம் பார்த்து மனுப் போட்டுவிட்டார்.

ஜிம்மாவில் நம் நாட்டு ஆசிரியர்கள் ஏழெட்டுப் பேர் ஒரே வீட்டில் சேர்ந்து சமைத்தார்கள். சோறும் ரசமும் கிடைக்கும். சார் அங்கே தங்கவில்லை. "மொதல்ல ஊரு கேப்பாங்க. அப்புறம் தெரு கேப்பாங்க." ஊர்க்கோடியில் அல்மாஸ் என்ற விதவையின் வீட்டில் ஓர் அறை எடுத்தார்.

முதல் நாள் சாயங்காலமே சாப்பிடக் கூப்பிட்டுவிட்டார்கள். முறத்தளவு ஒரே தட்டு. அதில் புளித்த தோசை போல ஒன்றை விரித்து, நடுவில் செக்கச்செவேலென்று பருப்புக் குழம்பு. சுற்றி அல்மாஸ், அவர் மகள், பக்கத்து வீட்டுக்காரர்கள். சார் வாசற்படியிலேயே உட்கார்ந்து, தனக்கென்று எடுத்துவைப்பார்கள் எனக் காத்திருந்தார். யாரும் எடுத்துவைக்கவில்லை. சாப்பிடத் தொடங்கவும் இல்லை. கடைசியில் அல்மாஸ் ஏதோ முணுமுணுக்க, இங்கிலீஷ் தெரிந்த மகள் தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "எங்க தட்டுல கைவைக்க ஒங்களுக்கு அருவருப்பா இருக்கான்னு அம்மா கேக்குறாங்க."

இந்த இடத்தில் சார் எப்போதும் நிறுத்திவிடுவார். "என்னப் பாத்து சார். என்னப் பாத்து அந்தக் கேள்வி."

அவர் எழுந்து கை கழுவிக்கொண்டு வந்ததும் நகர்ந்து இடம் விட்டார்கள். அல்மாஸ் ஒரு துண்டைப் பிய்த்துக் குழம்பில் தோய்த்துச் சுருட்டி, அவர் வாயிலேயே ஊட்டினார். விருந்தாளிக்கு அங்கே அப்படித்தான். சாருக்குக் கண்ணீர் கொட்டிவிட்டது. "காரம்னு நெனச்சுத் தண்ணி எடுத்தாந்தாங்க. சரின்னு குடிச்சேன்."

அதன்பிறகு அந்த ஊர் பழகிவிட்டது. ஆனியிலேயே பிடித்துக்கொள்ளும் மழை, சேறு, ஸ்வெட்டர், சந்தையில் விலை பேசும் அளவுக்குப் பாஷை. அல்மாஸை 'அக்கா' என்றே கூப்பிட்டார். அது தனக்கு வைத்த இந்தியப் பெயர் என்று சார் ஊருக்குக் கிளம்பும்வரை அந்தம்மா நினைத்திருந்தாராம்.

எழுபத்திரண்டில் தம்பி தங்கையன் கடிதம் எழுதினான். குடிசை போட்டிருந்த மனைக்கு, புதுச் சட்டத்தின்படி அப்பா பெயருக்கே பட்டா வந்துவிட்டது. சார் அதை வாசித்துச் சொன்னார். விளைச்சலில் பங்கை நிலப்பிரபுவுக்கு அளந்து கொடுத்துக்கொண்டிருந்த அல்மாஸ் கேட்டார்: "இனிமே யாரும் வந்து, எடத்தக் காலி பண்ணுன்னு சொல்ல முடியாதா?"

"முடியாதுக்கா."

அன்று தெரு முழுக்க அல்மாஸ் வீட்டுக் காப்பி.

எழுபத்தைந்தில் ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பினார். அந்த மனையில்தான் இப்போது ஓட்டு வீடு கட்டியிருக்கிறார். அல்மாஸின் மகள் எழுதிய கடிதங்கள் ஒன்பது வருஷம் வந்தன. எண்பத்துநான்கில் பேப்பரெல்லாம் எத்தியோப்பியப் பஞ்சத்தின் படங்கள். "பஞ்சம் வடக்கதான், ஜிம்மா தெற்கன்னு எனக்கே சொல்லிக்குவேன். ஆனா கடுதாசி நின்னுபோச்சு."

அதிலிருந்து வருஷத்துக்கு ஒரு தடவை வேளாங்கண்ணிக்குப் போகிறார். இவர் கிறிஸ்தவர் இல்லை. அல்மாஸுக்கு மாதா என்றால் உயிர். இந்த வருஷம் நானும் கூடப் போனேன். விண்ணப்பப் பெட்டிக்கு முன்னால் நின்று, ஒரு சீட்டில் அந்த நாட்டு எழுத்தில் மெதுவாக ஒரு வரி எழுதினார்.

"என்ன சார் எழுதுனீங்க?"

"சாப்டீங்களான்னு கேட்டிருக்கேன்."

நாலாக மடித்துப் பெட்டிக்குள் போட்டார். பிறகு அதன் வாயில் இரண்டு விரலை விட்டு, சீட்டு உள்ளே இறங்கிவிட்டதா என்று தடவிப் பார்த்தார்.