வெல்லம் போட்ட ஜப்பான் ஒயின்

வாயை மூட வேண்டிய நேரத்தில் மூடத் தெரியாத பெண் எங்கள் அனுப்ரியா. என் அக்கா மகள்தான், அதனால் உரிமையோடு திட்டுகிறேன். தமிழ்நாட்டு எல்லையோரத்து ஹனூரிலிருந்து மைசூருக்குக் கட்டட வேலைக்கு வந்த குடும்பம். ஜெயலட்சுமிபுரத்தில் ஒரு ரெஸ்டாரண்டில் எட்டு வருஷமாகப் பரிமாறுகிறாள். அங்கே வாசலில் உட்கார்ந்து டேபிள் புக்கிங் பார்க்கிற பாக்கியலட்சுமி நான். அவளை அங்கே சேர்த்துவிட்டதும் நான்தான். அந்தப் பாவத்துக்கு இப்போது வயிறெரிந்துகொண்டிருக்கிறேன்.

ஊரில் யாராவது கேட்டால் அக்கா, "புள்ளை ஓட்டல்ல ரிசப்ஷன்ல இருக்கறா" என்பாள். பாட்டிலைத் தொடுகிற பெண்ணை எவன் கட்டுவான் என்று அவளுக்குப் பயம். அனுவுக்கோ அந்த ஒயின் பாட்டில்கள்தான் உயிர். குடிகாரி ஒன்றுமில்லை. ஒரு வாய் எடுப்பாள், வாய்க்குள்ளேயே உருட்டுவாள், துப்பிவிடுவாள். "பால் சட்டிக்குப் பக்கத்துல பூனை நிக்கற மாதிரி நிக்கறயேடி" என்று நானே கேலி செய்திருக்கிறேன்.

இந்த வருஷம் முதலாளி நஞ்சுண்டசாமி மேல்மாடியில் ஒயினுக்கென்றே தனியாக ஒரு கூடம் கட்டினார். அதற்குப் பொறுப்பாளர் வேண்டும். போட்டிக்கு இரண்டு பேர். ஒருத்தி அனு. இன்னொருத்தன் பெங்களூரில் ஓட்டல் படிப்பு முடித்து வந்த கணேஷ்குமார். "சனிக்கிழமை ஆளுக்கு ஒரு ஒயின், அதோட நம்ம அடுக்களைப் பண்டம் ஒண்ணு. எது எனக்குப் பிடிக்குதோ அவங்களுக்கு மேல்மாடி" என்றார் முதலாளி. தட்டுச் சுமந்து சுமந்து தோள்பட்டை இறங்கிப்போனவளுக்கு இதைவிட்டால் வேறு வாய்ப்பு ஏது?

அவள் கையில் ஒரே ஒரு பாட்டில் இருந்தது. நஞ்சன்கூடு பக்கம் தொழிற்சாலைக்கு வந்திருந்த தனாபே என்கிற ஜப்பான்காரர் எங்களிடம்தான் சாப்பிடுவார். ஊருக்குத் திரும்புமுன் இரண்டு பாட்டில் கொண்டுவந்தார். ஒன்றைத் திறந்து அவளுக்கும் கொஞ்சம் ஊற்றினார், மற்றதை அவளிடமே கொடுத்துவிட்டுப் போனார். மஸ்கட் பெய்லி ஏ என்று பெயர். வெளிநாட்டுக் கொடிகள் ஜப்பான் மழைக்கும் குளிருக்கும் தாங்கவில்லையாம். அதனால் நூறு வருஷத்துக்கு முன்னால் இரண்டு ஜாதித் திராட்சையைக் கலந்து அங்கேயே உண்டாக்கின ரகமாம்.

அவர் கொடுத்த அன்றைக்கு ஸ்கூட்டரில் வீட்டுக்கு வரும்போது வழியெல்லாம் அதே பேச்சு. "மோந்து பாத்தா ஸ்ட்ராபெரி முட்டாயிங்க சித்தி. பஞ்சு முட்டாய் வண்டிகிட்ட நின்னா வருமில்லீங்களா, அந்த வாசம். வாயில வெச்சா தித்திப்பே இல்லீங்க! லேசா ஒரு புளிப்பு. துவர்ப்பு இருக்குதா இல்லையான்னே தெரியாது. சுலுவா எறங்கிருது."

"தித்திப்பில்லாத முட்டாய் என்னத்துக்குடி?"

"அதுதானுங்க அதோட அழகே. மூக்கு ஒண்ணு சொல்லுது, நாக்கு ஒண்ணு சொல்லுது. எது நெசம்னு இன்னொரு வாய் குடிச்சுப் பாக்கத் தோணுது."

மற்ற சிவப்பு ஒயின்கள் பச்சைப் பாக்கு மாதிரி நாக்கைப் பிடிக்கும், நம் மிளகாயோடு சேர்ந்தால் எரியும் என்றாள். இது சண்டைக்கே போகாதாம். சின்ன வெங்காயம் சிவக்க வதக்கின கோழி வறுவலோடு, லேசாகக் குளிர வைத்துக் கொடுத்தால் சொர்க்கமாம். சொல்லும்போது அந்த முகத்தைப் பார்க்க வேண்டும்!

சனிக்கிழமை மத்தியானம் பாட்டிலைத் திறந்தாள். ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துச் சிரித்தாள். முழுவதையும் கண்ணாடி ஜாடியில் ஊற்றி, அடுக்களை ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு மேலே மேசை போடப் போனாள்.

எங்கள் தலைமைச் சமையல்காரி சென்னம்மா. மைசூர்க் கை. ரசமோ சாம்பாரோ, புளிப்பு என்று எது கண்ணில் பட்டாலும் ஒரு துண்டு வெல்லம் போடாமல் அந்தக் கைக்குத் தூக்கம் வராது. எங்கள் ஊர்க்காரர்கள் அவள் சாம்பாரை முதல்முறை சாப்பிட்டால் பாயசம் முதலிலேயே வந்துவிட்டதா என்று கேட்பார்கள். அந்த மகராசி ஃபிரிட்ஜைத் திறந்திருக்கிறாள். ஜாடியிலிருந்து மிட்டாய் வாசம். ஒரு கரண்டி வாயில் விட்டால் புளிப்பு. ஐயோ, பெண்ணின் ஒயின் கெட்டுப்போயிற்றே என்று பதறி, வெல்லத்தைக் காய்ச்சி, வடிகட்டி, ஆறவைத்துக் கலக்கிவிட்டாள். கெட்ட எண்ணமிருந்தால் நாலு வார்த்தை திட்டி ஆற்றிக்கொள்ளலாம். பாசத்தில் செய்தவளை என்ன செய்வது?

சாயங்காலம் முதலில் கணேஷ்குமாரின் இத்தாலி ஒயின். முதலாளி முகத்தைச் சுளித்தார். அடுத்தது அனு. கோழியை ஒரு கடி, ஒயினை ஒரு வாய். "ஆஹா! சென்னாகிதே அனு! இதுதாம்மா வேணும்! மேல்மாடி உன்னுது!" என்றார். மாடிப்படியில் நின்ற நான் சாமுண்டித் தாயைக் கும்பிட்டேன்.

அத்தோடு விட்டாளா? தன் கிளாஸையும் மூக்கருகே கொண்டுபோனாள். சிரிப்பு அப்படியே நின்றது. ஒரு வாய் குடித்தாள்.

"சார், இது அந்த ஒயின் இல்லீங்க. இதுல யாரோ வெல்லம் கலந்திருக்கறாங்க."

வறுவல் தட்டோடு நின்ற சென்னம்மா, "நானே ஹாக்கிதே, நான்தான் போட்டேன் கண்ணு, புளிச்சுப் போயிருந்துச்சே!" என்று அழவே ஆரம்பித்துவிட்டாள்.

முதலாளி சிரித்தார். "வெல்லம் போட்டா என்னம்மா? நல்லாத்தானே இருக்கு?"

நான் கண்ணைக் காட்டுகிறேன், கையைக் காட்டுகிறேன். அம்மிணி என் பக்கம் திரும்பினால்தானே!

"அது கெட்டுப் போகலீங்க சார். அதோட குணமே அப்படித்தான். வெல்லம் போட்ட இதைக் குடிச்சுட்டு நீங்க அந்த ஒயின் நல்லாருக்குன்னு சொன்னா, அந்தப் பேருல நான் வேலை வாங்க முடியாதுங்க."

"சரி, அப்ப அதையே கொண்டா."

"வேற பாட்டில் இல்லீங்க."

"இல்லாததை வெச்சு நான் எப்படிம்மா முடிவு பண்றது?"

அவர் கேட்டதிலும் தப்பில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிகிறது. கைக்கு எட்டினது வாய்க்கு எட்டவில்லை. மேல்மாடி கணேஷ்குமாருக்குப் போயிற்று.

கூத்து அதோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. முதலாளிக்கு அந்த ருசி நாக்கை விட்டுப் போகவில்லை. இங்கே கிடைக்கிற மலிவு ஒயினில் சென்னம்மா வெல்லம் கலக்குகிறாள். மைசூர் ஸ்பெஷல் என்று பெயர் வைத்து மேல்மாடியில் கொடுக்கிறார்கள். வருகிறவர்கள் கேட்டுக் கேட்டுக் குடிக்கிறார்கள். அந்தத் தட்டைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறுகிறவள் யார்? எங்கள் அனுதான்.

நேற்றும் பொறுக்க முடியாமல் கேட்டேன். "அன்னைக்கு ஒரு நிமிஷம் சும்மா இருந்திருந்தா இன்னைக்கு அந்த மேல்மாடி உன்னுதுடி. அப்படி என்னடி இருந்துச்சு அந்தத் தண்ணியில?"

அவளுக்குக் கோபமே வரவில்லை. "அந்த ஒயினை ஒரே ஒரு வாய் குடிச்சிருந்தா நீங்களும் அப்படித்தான் சொல்லியிருப்பீங்க சித்தி" என்றாள்.

விசாரிக்காத கடையில்லை. அப்படி ஒரு ஒயினை இந்த ஊரில் யாருக்குமே தெரியவில்லை. அவள் செய்தது சரியா பைத்தியக்காரத்தனமா என்று குடித்துப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாமென்றால், நான் எங்கே போய்க் குடிப்பது?