செல்ஃப் எடுக்காத டிராக்டர்

நான் எட்டாவதோடு நின்றவன். வலங்கைமானில் பேட்டரிக் கடை வைத்திருக்கிறேன். தம்பி படித்து அமெரிக்கா போனான். அவனுக்கும் பேட்டரிதான் வேலை. ஆனால் கையில் ஆசிட் படாது. எந்தப் பொருளைச் சேர்த்தால் பேட்டரி கூடுதலாக உழைக்கும் என்று கம்ப்யூட்டரில் அணு அணுவாக அடுக்கிக் கணக்குப் போடுவான். சிப் செய்கிற பொருளுக்கும் இதே கணக்குதான் என்பான்.

அப்பா பிறத்தியார் வயலில் சேறு மிதித்து, பிறகு சொந்தமாகக் கொஞ்சம் வயல் வாங்கியவர். டீக்கடையில் யாரைப் பார்த்தாலும், "எம் புள்ள பேட்டரி விஞ்ஞானி" என்பார். நானும் பேட்டரிக்காரன்தான். என்னையும் ஒரு தடவை சொல்லமாட்டாரா என்று இருக்கும்.

தம்பி லீவில் வந்திருந்தபோது வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது. சேறடிக்க வேண்டும். எங்கள் பழைய டிராக்டர் செல்ஃப் எடுக்கவில்லை. நான் பக்கத்திலேயே நிற்கிறேன். அப்பா அவனைக் கூப்பிட்டார்.

"நீ பாருய்யா."

"நான் கணக்கு போடுறவன்ப்பா. அண்ணன் நிக்குது பாருங்க."

"அவன் பேட்டரிக்குத் தண்ணி ஊத்துறவன். நீ பாரு."

எனக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. பேட்டரி டெர்மினலில் உப்புப் பூத்து, வயரைக் கவ்வுகிற கிளாம்ப் பிடிப்பு விட்டிருந்தது. சொல்லவில்லை. மீட்டரை மட்டும் எடுத்து அவனிடம் நீட்டினேன்.

"வோல்டேஜ் சரியா இருக்கே" என்றான். வயர் வயராகத் தடவினான். சட்டை நனைந்துவிட்டது.

பக்கத்து வயல்காரர் வரப்பில் நின்று, "என்ன விஞ்ஞானி, கம்ப்யூட்டர் கொண்டாரட்டுமா?" என்றார்.

எனக்கு இனித்தது. வெயில் ஏறும்வரை விட்டுவைத்தேன்.

பிறகு டீக்கடையில் வெந்நீர் வாங்கி வந்து டெர்மினலில் ஊற்றினேன். உப்பு கரைந்தது. தேய்த்து, இறுக்கி, கிரீஸ் தடவினேன். வண்டி உடனே எடுத்துக்கொண்டது.

"தம்பி கை வச்ச நேரம்!" என்றார் அப்பா.

"நான் ஒண்ணும் பண்ணலப்பா. எனக்குக் கண்டுபிடிக்கவே தெரியல. எல்லாம் அண்ணன்தான்."

அப்பா வரப்பில் நின்றவரைப் பார்த்து, "கேட்டீங்களா? எவ்ளோ படிச்சிருக்கான், எப்படித் தணிஞ்சு பேசுறான் பாருங்க" என்றார்.

தம்பி என் பக்கம் வந்தான். "உனக்கு முதல்லயே தெரிஞ்சிருந்துச்சாண்ணே?"

"ம்."

கோபப்படுவான் என்று பார்த்தேன். குனிந்து அந்த உப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான்தான் சரி பண்ணேன்" என்று அவன் அப்பாவிடம் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அவனைத் திட்டவாவது எனக்கு ஒரு காரணம் கிடைத்திருக்கும். அதையும் அவன் கொடுக்கவில்லை.