பன்னிரண்டு பார் மௌனம்

மனைவி இறந்தபின், இளமையில் சர்ச்சில் வாசித்த ஓபோவை மறுபடி எடுத்தேன். நாதஸ்வரம் போலச் சீவாளி வைத்து ஊதும் மேற்கத்திய வாத்தியம் அது. குன்னூரில் ஒரு டீச்சரிடம், தனி வாத்தியமும் ஆர்கெஸ்ட்ராவும் மாறி மாறி வாசிக்கும் ஒரு கான்செர்ட்டோவை எட்டு மாதமாகப் பழகினேன். அவருக்கு என் மகள் வயது.

அன்று முதன்முறையாக ஆர்கெஸ்ட்ரா பகுதியை அவர் பியானோவில் வாசிக்க, நான் சேர்ந்து ஊதினேன். நடுவில் எனக்குப் பன்னிரண்டு பார், அதாவது பன்னிரண்டு தாளச் சுற்று, ஓய்வு. நானோ உடனே அடுத்த வரிக்குப் பாய்ந்துவிட்டேன்.

டீச்சர் நிறுத்தினார். "ஏனுங்க சார், ஊட்டுல இந்த எடத்துல என்ன பண்ணுவீங்க?"

"தாண்டிப் போயிருவேனுங்க. சத்தம் நின்னா ஊடே வெறிச்சுன்னு ஆயிருதுங்க."

"இப்ப சும்மா நின்னு கேளுங்க."

ஓபோவை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றேன். நான் கேள்வி போல ஊதி நிறுத்திய மெட்டைப் பியானோ வாங்கிக்கொண்டு, நிதானமாகப் பதில் சொல்லி முடித்தது. எட்டு மாதமாக அந்தப் பதிலைத்தான் நான் வெட்டி எறிந்திருக்கிறேன்.

கோவையில் தனியாக இருக்கும் மகளுக்கு ஞாயிறுதோறும் போன் செய்வேன். மழை, பனி, முழங்கால் வலி என்று நானே பேசி, நானே வைத்துவிடுவேன். அன்று சாயந்திரம், "எப்படிம்மா இருக்கே?" என்று மட்டும் கேட்டு நிறுத்தினேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. மனசுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன்.

"அப்பா, லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன் கண்ணு. நீ சொல்லு."

அவள் சொல்லத் தொடங்கினாள். தனிமை எனக்கு மட்டும்தான் என்று அதுவரை நினைத்திருந்தேன்.