குளிர்த்தி நாளில் தொட்டுப் பார்த்த கை

அன்று காலை வாகரைப் பள்ளிக்கூடத்தில் நான் படிப்பித்ததே, கையை நம்பக் கூடாது என்பதைத்தான். மேசையில் மூன்று சட்டிகள். ஒன்றில் கை தாங்கக்கூடிய சுடுநீர், ஒன்றில் ஐஸ் போட்ட தண்ணீர், நடுவில் சாதாரணத் தண்ணீர். பிள்ளைகள் ஒரு கையைச் சூட்டிலும் மற்றதைக் குளிரிலும் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு, இரண்டையும் நடுச்சட்டிக்குள் விட்டார்கள். ஒரு கைக்குக் குளிர்ந்தது, மற்றதற்குச் சுட்டது. "ஒரே தண்ணிதானே டீச்சர்!" என்று வகுப்பே கூச்சல் போட்டது. வெப்பம் சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்குப் பாயும், கைக்குத் தெரிவது அந்தப் பாய்ச்சல் மட்டுந்தான், வெப்பநிலையை அறிய வெப்பமானி வேண்டும் என்று கரும்பலகையில் எழுதி, அடிக்கோடும் போட்டேன். பெரிய மேதை!

வாகரையிலிருந்து ஆரையம்பதிக்கு வர இரண்டு பஸ் ஏற வேண்டும். வைகாசி வெயில். இருக்க இடமில்லாமல், கொதிக்கிற ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி நின்றே வந்தேன். தினமும் இதே பாடுதான். வீட்டுக்குக் கிட்ட, புளியந்தீவில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு மாற்றம் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், கடைசியில் எங்கள் ஊர் அம்மனுக்கு நேர்த்தி வைத்திருந்தேன். அன்றைக்குத்தான் குளிர்த்தி. அம்மனின் கொதிப்பைத் தண்ணீரால் ஆற்றுகிற சடங்கு அது. ஊரே கோயிலில் திரளும். நேர்த்திப் பொருள்கள் நிறைத்த மடைப்பெட்டியைத் தங்கச்சி தலையில் சுமந்து வருவாள் என்றே நேர்ந்திருந்தேன். வீட்டில் நானும் அவளும்தான்.

நான் வந்து சேர்ந்தபோது அவள் பாயில் சுருண்டு கிடந்தாள்.

"அக்கா, எனக்கு மேல் காயுது. நான் வரல்ல, நீங்க போங்களன்."

நெற்றியில் கையை வைத்தேன். ஒன்றும் தெரியவில்லை.

"காய்ச்சலும் இல்ல, ஒண்டும் இல்ல. சாட்டுச் சொல்லாம எழும்பு புள்ள."

எப்படித் தெரியும்? வெயில் கம்பியில் வெந்த கையும் காய்ச்சல் நெற்றியும் கிட்டத்தட்ட ஒரே சூடு. இங்கிருந்து அங்கே பாய ஒன்றுமில்லை. காலையில் வாய் கிழியச் சொன்னவள் நான்தான். வெப்பமானி பக்கத்து அலுமாரியில் இருந்தது. அதைத் திறக்க எனக்கு மனம் வரவில்லை. காய்ச்சல் என்று தெரிந்துவிட்டால் மடைப்பெட்டியை யார் தூக்குவது? அவளுக்குக் காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று விரும்பினேன். அதனால் இல்லை என்று சொல்லிவிட்டேன். வெட்கங்கெட்டவள்!

அவள் எழும்பினாள், தலைக்குத் தோய்ந்தாள், பெட்டியைத் தலையில் வைத்து நடந்தாள். வழி முழுக்க எனக்குப் பின்னால் தள்ளியே வந்தாள். கோபம் போலிருக்கிறது என்று நானும் விட்டுவிட்டேன்.

பொழுது படுகிற நேரம். குளிர்த்திப் பாட்டு முடிய, பூசாரியார் வேப்பிலையால் தண்ணீரை அள்ளிச் சனத்தின் மேல் தெளித்தார். தங்கச்சியின் முகத்தில் நன்றாகப் பட்டது. பட்டதுதான் தாமதம், அவள் நடுங்கத் தொடங்கினாள். பல் கிடுகிடுத்தது. கொண்டை அவிழ்ந்து விழுந்தது.

"அம்மாள் வந்திட்டா!" என்று பின்னாலிருந்து ஒருத்தி கத்தினாள். சனம் விலகி இடம் விட்டது. யாரோ அவள் கையில் வேப்பிலையைத் திணித்தார்கள். ஒரு தாய், வெளிநாட்டிலிருக்கும் மகன் எப்போது வருவான் என்று அழுதழுது கேட்டாள்.

காய்ச்சல் ஏறும்போது உடம்பு தன் வெப்பநிலையை இன்னும் மேலே கொண்டுபோகப் பார்க்கும். தசைகளை நடுங்கவைத்துச் சூடு உண்டாக்கும். அந்த அளவுக்கு ஏறும்வரை, உடம்பு கொதித்தாலும் ஆளுக்குக் குளிரும். இதுவும் நான் படிப்பிக்கிற பாடந்தான். இவ்வளவும் தெரிந்த நான் என்ன செய்தேன்? கும்பிட்டேன். கும்பிட்டதோடு நின்றேனா? சனத்தை இடித்துக்கொண்டு முன்னால் போய், என் சொந்தத் தங்கச்சியிடம், "தாயே, எனக்கு மாற்றம் கிடைக்குமா?" என்று கேட்டேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"அக்கா, குளிருது."

அம்மன் என்னை அக்கா என்று கூப்பிடுவாளா? அப்போதுதான் எனக்கு உறைத்தது. பிடிப்பதற்குள் அவள் விழுந்துவிட்டாள்.

ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். தாதி வெப்பமானியை எடுத்துப் பார்த்துவிட்டு என்னை ஏறிட்டாள்.

"இவ்வளவு காயுது, எப்ப தொட்டுக் காய்ச்சல்?"

"தெரியாது, மிஸ்" என்றேன். ஒரே வீட்டில் இருக்கிறவள், அறிவியல் டீச்சர். டெங்கு என்றார்கள். இப்போதைக்கு ஒன்றும் சொல்ல முடியாது என்று டாக்டர் சொன்னபோது, வாட்டு வாசலில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். மாற்றமும் வேண்டாம், மண்ணும் வேண்டாம், இவளை மட்டும் விட்டுவிடு என்று அதே அம்மனைத்தான் கெஞ்சினேன். வேறு யாரைக் கெஞ்சுவது?

அவள் பிழைத்துவிட்டாள். காய்ச்சல் இறங்கிக் கஞ்சி குடித்த அன்று, பழக்கதோஷத்தில் என் கை அவள் நெற்றிக்குப் போனது. அவள் அதை மெல்லப் பிடித்துக் கட்டிலில் வைத்தாள். கோபமாகக்கூட இல்லை.

"கோயில்ல வந்து மாற்றம் கேட்டீங்களே அக்கா, அது எனக்குக் கேட்டது. வீட்ட கிடக்கக்குள்ள, உனக்கு என்ன புள்ள செய்யுது எண்டு ஒரு சொல்லுக் கேட்டீங்களா?"