அவர் புழுவும் எங்கள் புழுவும்

அன்று காலை வரப்பில் நின்றவர்கள் ஐந்து பேர். என் வீட்டுக்காரர். நான். வரப்புக்கு மேற்கே மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்டிருந்த எங்கள் பங்காளி, எனக்குக் கொழுந்தனார் முறை. அவருக்குப் பூச்சிமருந்துப் பவுடரும் அதைத் தூவுகிற மெஷினும் கொண்டுவந்திருந்த விவசாய ஆபீசர். எங்களுக்குப் பட்டுப்புழு வளர்க்கச் சொல்லிக்கொடுத்த டெமான்ஸ்ட்ரேட்டர், சைக்கிளைப் பிடித்தபடி. வேறு யாரும் இல்லை. இருந்திருந்தால் ஒருவராவது எனக்காகப் பேசியிருப்பார் என்று இப்போதும் தோன்றும்.

எழுபதுகள் முடிந்த சமயம். ஆரணியிலிருந்து தேவிகாபுரம் போகிற பஸ் எங்கள் ஊர் வழியாகத்தான் போகும். ஆரணித் தறிகளுக்குப் பட்டு பெங்களூரிலிருந்து வந்துகொண்டிருந்தது. அதை இங்கேயே எடுக்கலாமே என்று டெமான்ஸ்ட்ரேட்டர் ஊர் ஊராகப் போய்ச் சொன்னார். எங்களுக்குக் கிணறு இருந்ததால் அரை ஏக்கரில் மல்பெரிச் செடி வைத்தோம். புழு வளர்க்கும் தட்டும் ஸ்டாண்டும் வாங்கக் கூட்டுறவுச் சங்கத்தில் கடன். கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டவர் அதே கொழுந்தனார்தான். புழு கூடு கட்டினால் கடன் அடையும். செத்தால் அவர் தலையில் விழும்.

நான் ஐந்தாவதோடு நின்றவள். டெமான்ஸ்ட்ரேட்டர் கொடுத்த நோட்டீஸைப் படித்துவிட்டு, தப்பாகப் படித்தோமோ என்று மறுபடி எடுப்பேன். புழு இலை தின்னும் சத்தம் குறைந்தால் எழுந்து போய்த் தட்டைப் பார்ப்பேன். சத்தம் கூடினால் இலை போதாதோ என்று தோட்டத்துக்கு ஓடுவேன். அப்போது அவை நான்காம் தோலை உரித்து முடித்து, அகோரப் பசியில் இருந்தன. இன்னும் நாலைந்து நாள் தின்றால் போதும்.

அந்த ஆடியில்தான் கம்பளிப்புழு வந்தது. மழை விழுந்தால் மண்ணிலிருந்து கிளம்பும் சாதி. ஒரு கொல்லையில் பயிரை மொட்டையாக்கிவிட்டு அடுத்த கொல்லைக்கு ஊர்ந்து போகும். கொழுந்தனாரின் மல்லாட்டையில் அது இறங்கிவிட்டது. பனி ஈரம் காய்வதற்குள் தூவினால்தான் பவுடர் இலையில் ஒட்டும், மெஷின் மதியம் வேறு ஊருக்குப் போயாக வேண்டும் என்றார் ஆபீசர். ஆடிக் காற்றோ மேற்கிலிருந்து நேராக எங்கள் மல்பெரி மேல் அடித்தது. அந்தப் பவுடர் பட்ட இலையைத் தின்றால் பட்டுப்புழு தலையை ஆட்டி ஆட்டி, பச்சையாகக் கக்கிச் சாகும்.

"சார், நீங்க ரெண்டு பேரும் ஒரே கவர்மெண்டுதான?" என்றார் கொழுந்தனார். "ஒருத்தர் புழுவ வளக்கச் சொல்றீங்க, ஒருத்தர் கொல்லச் சொல்றீங்க. நாங்க இன்னாதான் பண்றது?"

ஆபீசர் சிரித்தார். டெமான்ஸ்ட்ரேட்டர் சிரிக்கவில்லை. "ஒரு நாலு நாள் பொறுத்துக்குங்க. அதுக்குள்ள எங்க புழு கூடு கட்ட ஏறிடும்."

"நாலு நாள்ல இங்க செடியே இருக்காது சார். குச்சிதான் நிக்கும்."

"டேய், ஜாமீன் போட்டவன் நீதான்டா," என்றார் என் வீட்டுக்காரர். "எங்க புழு செத்தா சங்கத்துக்காரன் உன் வாசல்லதான் வந்து நிப்பான்."

"அதாண்ணா நானும் சொல்றேன். உன் புழு செத்தா நான் கட்டணும். என் புழு சாவலன்னா எத்த வெச்சிகினு கட்றது? பெரிய பேஜாரா கீதே."

பனி காய்ந்துகொண்டே இருந்தது. நான் முந்தானையைத் தூக்கிப் பிடித்துக் காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்தேன். கொஞ்சம் தள்ளிப் போய் நின்று மறுபடி பார்த்தேன். எங்கே நின்றாலும் அது எங்கள் பக்கம்தான் போனது.

டெமான்ஸ்ட்ரேட்டர் சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டுவிட்டு இரண்டு கொல்லையையும் சுற்றி நடந்து வந்தார். ஆபீசரிடம் தனியாக ஏதோ பேசினார். பிறகு ஆபீசர்தான் எங்களிடம் சொன்னார்: மேற்குக் கோடியில் தொடங்கித் தூவட்டும். எங்கள் வரப்பை ஒட்டிய ஏழெட்டுச் சால் வரிசைக்குப் பவுடர் வேண்டாம். அங்கே இருக்கிற புழுவைக் கையால் பொறுக்கி மண்ணெண்ணெய் கலந்த தண்ணீரில் போட வேண்டும். அதற்குள் மல்பெரி இலை முழுவதையும் அறுத்து வீட்டுக்குள் சேர்த்துவிட வேண்டும்.

"பொறுக்கறது யாரு?" என்று கேட்டார் கொழுந்தனார்.

"நான் பொறுக்கறேன்."

"அண்ணி, மயிரு பட்டா அரிக்கும்."

"அரிச்சா அரிக்கட்டும். நீங்க ஜல்தி மெஷின எடுத்துகினு அந்தாண்ட கோடிக்குப் போங்க."

குனிந்தவள் நிமிரவில்லை. எங்கள் புழு பிழைக்க அவர் புழுவைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். ஆபீசரும் பேண்டை மடித்துவிட்டு எதிர்ச் சாலில் இறங்கினார். தூரத்தில் வெள்ளையாகப் பவுடர் புகை கிளம்பும்போதெல்லாம் இன்னும் வேகமாகப் பொறுக்கினேன். என் வீட்டுக்காரரும் டெமான்ஸ்ட்ரேட்டரும் இலையை அறுத்து அறுத்துக் கட்டினார்கள். பொறுக்கி முடித்து நான் ஓட்டமாக வீட்டுக்குள் நுழையப் போனபோது டெமான்ஸ்ட்ரேட்டர் வாசலிலேயே மறித்தார். "ஏம்மா, கிருஷ்ணாயில் கையோட தட்டுகிட்ட போவாதீங்க. சோப்பு போட்டுக் கழுவிட்டு வாங்க." கழுவினேன். முகர்ந்து பார்த்துவிட்டு மறுபடி கழுவினேன்.

இலைக்கட்டை நிற்க வைத்து, ஈரச் சாக்கு போர்த்திக் காப்பாற்றியதில் இரண்டு நாள் ஓடியது. அதற்கு மேல் இலை இல்லை. டெமான்ஸ்ட்ரேட்டர் தேவிகாபுரம் பக்கத்தில் மல்பெரி போட்டிருந்த ரயத்து ஒருவரிடம் சொல்லி, பஸ் மேலே இலை மூட்டை அனுப்பினார். "இன்னாம்மா, ஆட்டுக்குத் தழை பஸ்லயா வருது?" என்று கண்டக்டர் கேட்டார். புழுவுக்கு என்றேன். அவர் நம்பவில்லை.

வெளி இலை வந்தால் முதலில் பத்துப் புழுவைத் தனியாக எடுத்து, அதற்குப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் மற்றதற்குப் போட வேண்டும் என்பது டெமான்ஸ்ட்ரேட்டர் சொன்ன முறை. அந்தப் பத்தின் எதிரிலேயே உட்கார்ந்தேன். ஒன்று தலையைத் தூக்கினால் ஆட்டுகிறதா என்று குனிந்து பார்ப்பேன்.

"நீ பாக்கற பார்வையிலயே அது செத்துடும், எழுந்து வா," என்றார் என் வீட்டுக்காரர்.

அவை சாகவில்லை. ஆனால் காத்திருந்த நேரத்தில் மற்ற தட்டுகள் பட்டினி கிடந்தன. இலையும் அளவாகத்தான் வந்தது. பாதிக்கு மேல் கெட்டிக் கூடு, மீதி விரலால் அழுத்தினால் உள்ளே போகிற சன்னக் கூடு. பட்டுக்கூடு அங்காடியில் சன்னத்துக்குச் சரியான விலை இல்லை. கொழுந்தனார் மல்லாட்டையும் பிழைத்தது. எங்களுக்காக விட்ட சால்களில் மட்டும் காய் குறைவு. அதை அவர் சொல்லிக்காட்டியதில்லை.

ஜாமீனைத்தான் சொல்லிக்காட்டுவார். கூடு விற்ற பணத்தைக் கட்டச் சங்கத்துக்குப் போன அன்று எங்களோடு அவரும் வந்தார்.

"அண்ணி, என்னை எப்பதான் வுடுவீங்க?"

"அடுத்த தடவை நல்லா வந்தா."

"காத்த கேட்டுகினு சொல்லுங்க."

நான் சிரிக்கவில்லை, வெளியே மரம் ஆடுகிறதா என்றுதான் பார்த்தேன். ரசீதைக் கிழித்துக் கொடுத்த செக்ரெட்டரி கடனில் இன்னும் கட்ட வேண்டிய மீதியைச் சொன்னார். இருநூற்று எண்பது ரூபாய்.