பாதிரியாருக்கு வந்த கோடித்துணி

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தயங்கியிருக்கிறேன். எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். ஸ்டீயரிங் பிடித்த கையில் பேனா சரியாக நிற்காது. அது சின்னக் காரணம். பெரிய காரணம் வேறு. இதில் வரும் திடல் ஜனங்களுக்கு மனைப்பட்டா கைக்கு வருமுன் இதை வெளியில் சொன்னால், யாராவது அதைப் பிடித்துக்கொண்டு அவர்களுக்கு இடைஞ்சல் செய்வார்களோ என்று பயந்தேன். இப்போது பட்டா வந்து, ஓட்டு வீடு வந்து, அவர்கள் பேரன்மார் மாடியும் கட்டிவிட்டார்கள். இனிப் பயமில்லை. சுவாமியை வேண்டிக்கொண்டு நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். வாடகை வண்டி ஓட்ட வரும் இளம்பிள்ளைகள் நாலு பேர் படித்தால் போதும்.

1. ஸ்டாண்டில் வந்த சவாரி

மாயவரம் ரயிலடி ஸ்டாண்டில் நான் ஓட்டியது கறுப்பு அம்பாசடர். முதலாளி வண்டி. காலையில் வண்டியைக் கழுவி, ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றி, டாஷ்போர்டில் இருக்கும் வைத்தியநாத சுவாமி படத்துக்குப் பூ வைத்த பிறகுதான் செல்ஃப் எடுப்பேன்.

கழக ஆட்சி வந்து சில வருஷம் ஆகியிருந்தது. வயல்களில் கூலிச் சண்டை ஓயவில்லை. கூலி நெல்லைக் கூட்டிக் கேட்ட ஆட்கள் ஒரு பக்கம், வெளியூர் ஆளை இறக்கி அறுத்துக்கொள்கிறேன் என்ற மிராசுதார்கள் ஒரு பக்கம். குடியிருக்கும் மனை குடியிருப்பவனுக்கே என்று சட்டம் போட்டார்கள். சட்டம் வந்த வேகத்தில் காகிதம் வரவில்லை. அந்த இடைக்காலத்தில்தான் எல்லோருக்கும் எல்லோர் மேலும் சந்தேகம்.

தை அறுவடை முடிந்திருந்த ஒரு நாள் காலை ரயிலில் வெள்ளைக்கார அம்மாள் ஒருவர் வந்து இறங்கினார். அறுபது வயது இருக்கும். கையில் ஒரே ஒரு பை. நேராக என் வண்டிக்கு வந்து, "குத்தாலம். தாத்தா. கல்லறை," என்றார். பிறகு கதவைத் திறந்துகொண்டு, "வாடா, போலாம்," என்றார்.

ஸ்டாண்டே சிரித்தது. எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அந்த முகத்தில் அதிகாரமே இல்லை.

அவர் நீட்டிய சீட்டில் இருந்த இடத்தை நான் படித்ததும் பக்கத்து வண்டி சோமுவின் சிரிப்பு நின்றுவிட்டது. "அந்தத் திடலுக்கா? செவப்புக் கொடி பறக்குதுடா அங்க. போலீஸ் வண்டின்னு நெனச்சு கண்ணாடிய ஒடச்சிடுவான்."

"தாத்தா சமாதியப் பார்க்க வந்தவங்கடா. சாமி பாத்துப்பாரு."

"சாமி கண்ணாடி மாத்தித் தருவாரா?"

அன்று சாயங்கால ரயிலில் அம்மாள் திரும்பியாக வேண்டும். மறுநாள் மெட்ராஸில் விமானம். இருப்பது ஒரு பகல்தான். வண்டியை எடுத்தேன்.

2. வழியில் கேட்ட வம்சம்

என் இங்கிலீஷ் கோயில் பார்க்க வருகிறவர்களிடம் பொறுக்கியது. அவர் தமிழ் அவருடைய அம்மா சொல்லிக் கொடுத்தது. இரண்டையும் வைத்துக்கொண்டு குத்தாலம் போவதற்குள் ஒரு வம்சக் கதையே கேட்டுவிட்டேன்.

பெயர் இசபெல். ஊர் ஸ்காட்லாந்து மலைப்பக்கம். அங்கேயும் நம்மைப் போல வகையறா உண்டாம். ஊர் முழுக்க ஒரே குடும்பப் பெயர். வகையறாவுக்கு ஒரு தலைவர், வகையறாவுக்கென்று தனிக் கட்டம் போட்ட கம்பளித் துணி. அந்தக் கட்டத்தைப் பார்த்தே இன்னார் வீட்டு ஆள் என்று சொல்லிவிடுவார்களாம்.

அவருடைய தாத்தாவின் அப்பா சிறுபிள்ளையாக இருந்தபோது நிலத்துக்காரர் ஜனங்களை வெளியேறச் சொன்னார். அந்த நிலத்துக்காரர் வேறு யாருமில்லை, வகையறாத் தலைவரேதான். ஆட்டுப்பட்டி போட்டால் வரும்படி அதிகம் என்று மனுஷரைத் தள்ளினார்கள். திரும்பி வந்து குடியேறக் கூடாது என்று கூரை மரங்களைக் கொளுத்தினார்கள். ஜனங்கள் கடலோரத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அந்தக் கடலோரக் குடிசையில் பிறந்த இவர் தாத்தா படித்துப் பாதிரியாராகிக் கப்பல் ஏறி நம் பக்கம் வந்தார். வயல் வேலை செய்கிறவர்களுக்குச் சொந்தமாகக் குடிசை போட ஒரு அடி மண் இல்லாததைப் பார்த்து, தன் சொந்தப் பணத்தில் ஒரு மேட்டுத் திடலை வாங்கி அவர்களைக் குடிவைத்தார். பிறகு காலராவில் இங்கேயே இறந்துபோனார். மனைவியும் சின்ன மகளும் கப்பலேறிவிட்டார்கள்.

அந்த மகள்தான் இந்த அம்மாளின் அம்மா. போன வருஷம் சாகும்போது கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்று. நம் ஆள் யாராவது போய் அப்பாவைப் பார்த்துவிட்டு வரவேண்டும்.

கேட்டதும் சுவாமி படத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். இந்த அம்மாளை வெறுங்கையோடு திருப்பி அனுப்பிவிடாதே என்று வேண்டினேன்.

3. "அப்படி ஒரு கல்லறையே இல்ல"

வாய்க்கால் மதகில் ஒருவர் குடையை நீட்டி வண்டியை நிறுத்தினார். பண்ணையின் காரியக்காரர். அம்மாள் வரப்போவது திருச்சபை ஆபீஸ் வழியாக அவருக்கு எப்படியோ தெரிந்திருந்தது.

"வாங்கம்மா, பண்ணை வீட்ல காப்பி தயாரா இருக்கு. துரையோட வாரிசுன்னு ஒரே ஒரு கையெழுத்து போடுங்க. திடலை நாங்க பாத்துக்கறோம். உங்களுக்கும் மரியாதை பண்ணி அனுப்புவோம்."

எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். அம்மாள் தலையை ஆட்டி மறுத்து, "தாத்தா முதல்ல," என்றார். நான் கிளட்ச்சை விட்டேன்.

ஆனால் காரியக்காரர் காருக்குள் தலையை விட்டுப் பேசியதைத் திடலில் இருந்தவர்கள் பார்த்துவிட்டார்கள். 'துரை வம்சத்தை வரவழைச்சு உங்களக் காலி பண்ணுறேன் பாரு' என்று அவர் முன்பே மிரட்டியிருந்த விஷயம் எனக்குப் பிறகுதான் தெரியும். எங்கள் ஜில்லாவில் ஒருவர் காரில் வந்து இறங்கி 'எங்கள் தாத்தா' என்று ஆரம்பித்தால் அடுத்த வார்த்தை 'நிலம்' என்றுதான் இருக்கும். அவர்கள் அப்படி நினைத்ததில் தப்பில்லை.

இருபது முப்பது பேர் கூடிவிட்டார்கள். முன்னால் நின்றவர் ஞானமுத்து. சங்கத்துக்காரர், திடலுக்குப் பெரியவர். தோளில் சிவப்புத் துண்டு. அம்மாள் அவரைப் பார்த்துச் சிரித்து, "இங்க வாடா," என்றார்.

ஞானமுத்துவின் முகம் இறுகியது. "வாடா போடாவெல்லாம் பண்ணையோட ஒழிஞ்சிதுன்னு சொல்லு தம்பி. எங்களுக்கும் சட்டம் இருக்கு."

"ஐயா, கோவிச்சுக்காதீங்க. இவங்க அம்மா சின்னப் புள்ளையா இங்க வெளையாடுறப்ப கத்துக்கிட்ட தமிழுங்க. என்னையும் வாடான்னுதான் கூப்புட்டாங்க."

பின்னாலிருந்து ஒரு பெண் குரல்: "அப்ப நம்ம தெருப் புள்ளைங்க கத்துக் குடுத்ததுதான். மரியாதையா எங்க வரும்?" ஞானமுத்துவின் அக்கா எஸ்தர். நாலு பேர் சிரித்தார்கள். ஞானமுத்து சிரிக்கவில்லை.

"பாதிரியார் கல்லறையப் பாக்கணுமாம்," என்றேன்.

"அப்படி ஒரு கல்லறையே இங்க இல்ல."

"திருச்சபையில இங்கதான்னு சொன்னாங்களே."

"வெள்ளம் கொண்டுபோயிருக்கும். வண்டியத் திருப்பு."

ஜெபக் கூடத்தை ஒட்டி ஒரு வைக்கோல் போர் நின்றது. மாட்டுக் கொட்டகைகள் எல்லாம் தெற்கே இருக்க, வைக்கோல் மட்டும் வடக்கே ஏன் என்று பார்த்தேன். நான் பார்த்ததை ஞானமுத்துவும் பார்த்தார். அவர்கள் காட்டினால் காட்டட்டும், நாம் காட்டிக் கொடுக்கக் கூடாது என்று பட்டது.

4. பையில் இருந்தது

'இல்லை' என்ற வார்த்தை அம்மாளுக்குப் புரிந்துவிட்டது. புங்க மரத்தடியில் அப்படியே தரையில் உட்கார்ந்தார். அழவில்லை. பையைத் திறந்து, மடித்து வைத்திருந்த ஒரு துணியை எடுத்து மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தார். பச்சையும் நீலமுமாகக் கட்டம் போட்ட கனமான கம்பளித் துணி.

எஸ்தர் கழுத்தை நீட்டிப் பார்த்தார். "என்னது அது, சமுக்காளமா? இங்கயே விரிச்சிப் படுத்து எடத்தப் புடிக்கப் போவுதா?"

என்னவென்று அம்மாளிடம் கேட்டேன். "எங்கள் வகையறாத் துணி. அவர் மேல் போர்த்த," என்று இங்கிலீஷில் சொன்னார்.

அதற்கு எனக்கு ஒரே வார்த்தைதான் தெரியும். "கோடிங்க," என்றேன். "தாத்தாவுக்குக் கோடி கொண்டாந்திருக்காங்க."

எங்கள் பக்கம் ஒரு சாவு என்றால் உறவுமுறை புதுத்துணி கொண்டுவந்து பிரேதத்தின் மேல் போர்த்த வேண்டும். அதுதான் கோடி. அது வராத சாவு, ஆளில்லாத சாவு. இந்துவானாலும் கிறிஸ்தவரானாலும் அதில் வித்தியாசம் கிடையாது. நிலம் பிடிக்க வருகிறவன் அளவுச் சங்கிலியோடும் கணக்குப்பிள்ளையோடும் வருவான், கோடியோடு வரமாட்டான்.

கூட்டம் துணியைப் பார்க்க நெருங்கி வந்தது.

"கோடியா? இத்தன வருஷம் கழிச்சா?" என்றார் ஞானமுத்து.

"இவங்க அம்மா சாகும்போது கேட்டுக்கிட்டாங்களாம்."

பிறகு நான் வழியில் கேட்ட கதையைச் சொன்னேன். வகையறா, தலைவர், ஆட்டுப்பட்டி எல்லாம்.

"வெள்ளக்காரன வெள்ளக்காரனே வெளியேத்துனானா?"

"சொந்த வகையறாத் தலைவனே வெளியேத்துனானாம்."

"ஆடு மேய்க்கவா? ஆட்டுக்கு இருந்த மதிப்பு ஆளுக்கு இல்லியா?" என்று ஒருவர் சிரித்தார்.

"திரும்பி வரக்கூடாதுன்னு கூரையக் கொளுத்துனாங்களாம்," என்றேன்.

அதற்கு யாரும் சிரிக்கவில்லை. எங்கள் பக்கத்திலும் கூரைகள் எரிந்த காலம் அது.

எஸ்தர்தான் முதலில் அசைந்தார். "ஞானமுத்து, இதுக்கு மேல மறைச்சா கர்த்தர் கேப்பாருடா. வைக்கல எடு."

ஞானமுத்து கொஞ்ச நேரம் மதகுப் பக்கம் பார்த்தார். பிறகு துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு போரின் மேல் ஏறினார். பத்துப் பேர் ஏறினார்கள். நானும் வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சரிந்த வைக்கோலை இழுத்துப் போட்டேன். அம்மாள் எழுந்து நின்றுவிட்டார். அப்போதுதான் அவருக்கு விஷயம் புரிந்தது. அடிக்கட்டு நகர்ந்ததும் கருங்கல் தெரிந்தது. துரை வாரிசுக்கு அதுவே சாட்சியாகிவிடும் என்றுதான் மூடி வைத்திருந்தார்கள். செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டேன். எந்த மார்க்கத்துப் பெரியவரானாலும் பெரியவர்தானே.

அம்மாள் எழுத்தின் மேல் விரல் வைத்து ஒவ்வொன்றாகத் தடவிப் படித்தார். பிறகு துணியைப் பிரித்துக் கால் பக்கமிருந்து போர்த்தப் போனார்.

"ஐய, அப்படி இல்லம்மா," என்று எஸ்தர் ஓடிவந்து கையைப் பிடித்தார். "தலமாட்டுலேருந்து போத்தணும். புடிங்க ஒரு முனைய." இருவருமாகப் போர்த்தினார்கள். "துரையய்யா செத்தப்ப கோடி போட ஒரு சனம் இல்லன்னு எங்க தாத்தாதான் தோள் துண்ட உதறிப் போட்டாராம். அதச் சொல்லு தம்பி."

சொன்னேன். அதற்குத்தான் அம்மாள் அழுதார்.

ஞானமுத்து என்னைத் தள்ளி அழைத்துப்போனார். "ஒண்ணே ஒண்ணு கேட்டுச் சொல்லு. இந்தத் திடல்ல இவங்களுக்கு ஏதாச்சும் வேணுமா?"

அதைக் கேட்க என் இங்கிலீஷ் போதவில்லை. எப்படியோ கேட்டேன். அம்மாள் கல்லைப் பார்த்தார், சுற்றி நின்ற குடிசைகளைப் பார்த்தார். எனக்குச் சொல்லாமல் அவர்களுக்கே சொன்னார், தமிழில்.

"எங்க தாத்தாக்கு... உங்க வீட்டுல... எடம் குடுத்த. போதும்."

ஞானமுத்து கைகூப்பினார்.

கடுங்காப்பி வந்தது. "எங்க வீட்டுத் தண்ணி குடிப்பீங்களா டிரைவரே?" என்று எஸ்தர் சீண்டினார். "வைக்கோல் அள்ளினவனுக்குக் காப்பி இல்லேன்னாதான் தப்பு," என்று வாங்கிக் குடித்தேன். மதகில் காரியக்காரர் இன்னும் குடையோடு நின்றார். அம்மாள் கண்ணாடியை இறக்கி, "நோ கையெழுத்து," என்று கும்பிட்டார். வண்டி நகர்ந்தது. ரயிலுக்கு நேரத்தோடு கொண்டுபோய்ச் சேர்த்தேன்.

5. நான் கற்றுக்கொண்டது

இப்போது வண்டி ஓட்டும் தம்பிகளுக்கு ஒன்று சொல்வேன். ஏறுகிறவர் எங்கே போகவேண்டும் என்று மட்டும் கேட்காதீர்கள், எதற்காகப் போகிறார் என்றும் பேச்சோடு பேச்சாகக் கேட்டு வையுங்கள். கதவைத் திறந்துவிட்டதோடு நம் வேலை முடிவதில்லை. நடுவில் நின்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டிய நேரம் வரும். அந்த வார்த்தையைச் சுவாமி கொடுப்பார். பயந்து கிடக்கும் மனுஷரும் உறவென்று தெரிந்தால் தாங்களே வைக்கோல் போரைப் பிரிப்பார்கள். அதைக் கண்ணால் பார்த்தவன் நான்.

இதைப் படிக்கிறவர்கள் மற்றவர்களுக்கும் சொல்லுங்கள், ஆனால் நடந்தபடியே சொல்லுங்கள். காரியக்காரரை இதைவிடப் பொல்லாதவராக்க வேண்டாம். அவர் பண்ணை சொன்ன வேலையைச் செய்தவர். என்னை இதைவிடக் கெட்டிக்காரனாக்கவும் வேண்டாம். முக்கியமாக, அந்த அம்மாள் திக்கித் திக்கிச் சொன்னதை நல்ல தமிழாகத் திருத்திவிடாதீர்கள். 'குடுத்த' என்றுதான் சொன்னார். அந்தத் திடல் பிள்ளைகள் சொல்வது போலவே.